கோப்பும் பேரேடும்: பல்கலைக்கழகத் தகவலொருங்கிணைப்புப் பற்றிய இரு ஆவணங்கள்

இலக்கியத் திறனாய்வாளனொருவன் நிருவாக அறிக்கைகளையும் அலுவலகக் கோப்புகளையும் தன் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வது பொருந்துமோ என்னும் வினா எம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. கவிதை, நாடகம், புனைகதை என்பனவே திறனாய்வின் எல்லை எனக் கருதுவோர் இன்னும் உளர். ஆயின், எழுத்து எவ்வடிவிலே தோன்றினும் அது குறிப்பிட்ட சில சமூக உறவுகளின் பேறாகவே தோன்றுகின்றது. அது யாருடைய குரலிற் பேசுகின்றது, யாரை முன்னிறுத்திப் பேசுகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பன நாவலுக்கு எவ்வளவு பொருந்தும் வினாக்களோ அவ்வளவுக்கு அறிக்கைக்கும் பொருந்துவனவே. இலக்கிய உற்பத்தி பற்றி 1966 இல் நூலெழுதிய பிரெஞ்சு மார்க்சியரான பியர் மாஷெறே, ஒரு பனுவலின் மௌனங்களை வெறும் குறைபாடுகளாகக் கொள்ளாது, அதனை ஆக்கிய கருத்துநிலையின் எல்லைகள் புலப்படும் இடங்களாகக் கொண்டு வாசித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். அவர் பெரும்பாலும் நாவல்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அம்முறையினை இங்கு நாம் பிறிதொரு வகை எழுத்துக்குப் பிரயோகிக்க முயல்கின்றோம்.

பல்கலைக்கழகமொன்றினுள்ளே சிதறிக்கிடக்கும் மாணவர் பதிவுகள், ஊழியர் விபரங்கள், நிதிக் கணக்குகள், ஆய்வு மானியங்கள் முதலியவற்றை ஒரே முறைமையின்கீழ்க் கொணர்தல் இன்று உலகின் பல பாகங்களிலும் நடைபெறும் முயற்சியாகும். இது தொழினுட்பவியலாளரதும் நிதியாளரதும் அக்கறைக்குரியதென்றே பொதுவிற் கருதப்படுகின்றது. கலைப்பீடத்தினராகிய நாம் புதிய படிவமொன்று வந்துசேரும்போது முணுமுணுப்பதோடு அமைந்துவிடுகின்றோம். ஆனால் இவ்விடயம் பற்றி ஊன்றி வாசித்தற்குரிய இரு ஆவணங்கள் இங்கிலாந்திலே எழுந்துள்ளன. ஒன்று, வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் தொகுத்து 1970 இல் வெளியான ‘வோறிக் யூனிவர்சிற்றி லிமிட்டெட்’ என்னும் நூல். மற்றையது, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘கப்சா’ என்னும் கணினிக் கணக்கு முறைமை பற்றி 2001 நவம்பரில் அப்பல்கலைக்கழகமே வெளியிட்ட விசாரணை அறிக்கை. முன்னையது மாணவரும் ஆசிரியரும் எழுதிய கண்டனம். பின்னையது நிபுணரிருவர் எழுதிய பரிசீலனை. முப்பத்தோராண்டு இடைவெளியிலே தோன்றிய இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, தனித்தனியே வாசிக்கும்போது புலப்படாத சில உண்மைகள் வெளிப்படுகின்றன.

கொவென்றி நகரத்தையடுத்து அமைந்த வோறிக் பல்கலைக்கழகம் 1965 இற் சாசனம் பெற்றது. மோட்டார் வாகனக் கைத்தொழிலின் மையமான அந்நகரத்தின் முதலாளிகள் தொடக்கத்திலிருந்தே அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சியிற் செல்வாக்குடையோராயிருந்தனர். மாணவருக்கான சமூகக் கட்டடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்ற தகராறே 1970 பெப்ரவரியில் மாணவர் பதிவாளர் அலுவலகத்தைக் கைப்பற்றியதற்கு உடனடிக் காரணமாயிற்று. அங்கே அவர்கள் திறந்து பார்த்த கோப்புகள் போராட்டத்தின் தன்மையையே மாற்றிவிட்டன. டேவிட் மொன்ற்கொமறி என்னும் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் வோறிக்கில் வருகைதரு ஆசிரியராகப் பணியாற்றியிருந்தார். அவர் 1969 இல் உள்ளூர்த் தொழிற்கட்சிக் கூட்டமொன்றிற் பேசியபோது, றூற்ஸ் மோட்டார் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் சுருக்கெழுத்தாளரொருவருடன் அங்கு அனுப்பப்பட்டிருந்தார். அந்நியர் தொடர்பான சட்டத்தின்கீழ்ப் பேச்சாளர்மீது வழக்குத் தொடர இடமுண்டோ என ஆராய்வதே நோக்கமாயிருந்தது. அவ்வறிக்கை உபவேந்தரைச் சென்றடைந்து, பல்கலைக்கழகக் கோப்பிலே இடம்பெற்றிருந்தது. விண்ணப்பதாரியொருவரின் அரசியல் ஈடுபாடு பற்றிப் பாடசாலைத் தலைமையாசிரியர் எழுதிய கடிதமும் அங்கிருந்தது.

இவற்றை நாம் ஒற்றாடலின் சான்றுகளாக மாத்திரம் வாசித்தல் போதாது. தொம்சனின் நூலைத் திறனாய்வு நோக்கில் வாசிக்கும்போது அதன் அமைப்பே கருத்தைக் கவர்கின்றது. வெவ்வேறு அலுமாரிகளில், வெவ்வேறு தலைப்புகளின்கீழ் வைக்கப்பட்டிருந்த கடிதங்களை அந்நூல் ஒருசேர அடுக்கிக் காட்டுகின்றது. கட்டடத் திட்டம், பேரவை அங்கத்துவம், ஆய்வுக் கொடைகள், ஆசிரியர்மீதான கண்காணிப்பு ஆகியன தனித்தனி விடயங்கள் என்பதே அதுவரை அங்கு நிலவிய எண்ணமாகும். அவை யாவும் ஒரே உறவின் பல்வேறு வெளிப்பாடுகள் என்பதை நூலின் வரிசைமுறையே நிறுவுகின்றது. அவ்வகையில், அப்பல்கலைக்கழகத்தின் தகவல்களை முதன்முதலில் ஒருங்கிணைத்தவர்கள் அதன் மாணவரே எனலாம். முழுமையைக் காணும் நிலை அதுவரை உபவேந்தரது அலுவலகத்துக்கு மட்டுமே உரித்தாயிருந்தது. ஓரிரவில் அது வேறு கைகளுக்கு மாறிற்று.

இவ்விடத்து ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தகவல் சிதறிக்கிடத்தல் சுதந்திரத்துக்கு அரண் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வோறிக்கின் உதாரணம் அவ்வெண்ணத்துக்கு மாறானது. ஒரு துறைக்கு மற்றொரு துறை பற்றித் தெரியாதிருந்தமையும், பேரவையின் அலுவல்கள் மூதவைக்கு எட்டாதிருந்தமையுமே அக்கோப்புகள் பல்லாண்டு பாதுகாப்பாக இருக்க உதவின. சிதறல் கீழிருப்போரைப் பாதுகாக்கவில்லை, மேலிருப்போரையே பாதுகாத்தது.

இனி இரண்டாவது ஆவணத்துக்கு வருவோம். அதன் களமான கேம்பிறிட்ஜ், கணினி வரலாற்றிலே தனியிடம் வகிப்பது. மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் அங்கு அமைக்கப்பட்ட ‘எட்சாக்’ என்னும் கணினி 1949 மே 6 ஆந் திகதி தன் முதற் கணிப்பைச் செய்தது. அதன் ஆக்கத்துக்கு மூவாயிரம் பவுண் உதவியது ஜே. லயன்ஸ் என்னும் தேநீர்ச்சாலை நிறுவனமாகும். தேயிலையும் கேக்கும் விற்ற அந்நிறுவனம் எட்சாக்கை அடியொற்றித் தனக்கென ‘லியோ’ என்னும் கணினியை அமைத்து, 1951 நவம்பரில் தன் வெதுப்பகக் கணக்குகளை அதனிடம் ஒப்படைத்தது. அலுவலகக் கணக்கு வேலையை ஒழுங்காகச் செய்த முதற் கணினி அதுவே. லியோவின் வெற்றிக்குப் பொறியியற்றிறன் மட்டும் காரணமன்று. 1930 களிலிருந்தே லயன்ஸ் நிறுவனத்திலே முறைமை ஆய்வு அலுவலகமொன்று இயங்கி வந்தது. லிகிதர் எந்தத் தாளை எங்கிருந்து பெறுகின்றார், அதில் என்ன எழுதுகின்றார், பின் யாரிடம் அனுப்புகின்றார் என்பதை அது பல்லாண்டு காலம் கவனித்து எழுதிவைத்திருந்தது. இயந்திரம் வருமுன்னரே வேலை அறியப்பட்டிருந்தது. முதலாளித்துவ நிறுவனமொன்று அவ்வறிவைத் திரட்டியது லிகிதர் நலன் கருதியல்ல என்பது சொல்லாமலே விளங்கும். ஹரி பிறேவமன் 1974 இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலிலே அலுவலக ஊழியர் பற்றித் தனியோர் அத்தியாயம் வரைந்துள்ளார். சிந்திக்கும் வேலை செய்யும் வேலையிலிருந்து பிரிக்கப்பட்டு முகாமையின் கையிற் குவிவதை அவர் அங்கு விளக்குகின்றார். லயன்ஸ் செய்ததும் அதுவே. எனினும் பறிப்பதற்காகவேனும் லிகிதரின் அறிவு உண்டென்பதை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது. ஐம்பதாண்டுகளின் பின், எட்சாக் பிறந்த அதே பல்கலைக்கழகத்திலே அவ்வேற்பைக்கூடக் காண்பதரிதாயிற்று.

கேம்பிறிட்ஜின் பழைய கணக்குமுறையை நீக்கி, ஒறக்கிள் நிறுவனத்தின் நிதி மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட புதிய முறைமையொன்றை நிறுவுவதே கப்சாத் திட்டம். அது 2000 ஓகஸ்ற்றில், நிதியாண்டின் தொடக்கத்தில், நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் அன்றாட நிதி நடவடிக்கைகள் பெருங் குழப்பத்துக்குள்ளாயின. செலவு ஏறக்குறைய 90 இலட்சம் பவுண் எனப்பட்டது. அதன் விளைவாகவே விசாரணை ஏற்பட்டது. அறிக்கையின் நிருவாகப் பகுதியை எழுதிய மைக்கல் ஷற்றொக் வோறிக்கிலே 1983 முதல் 1999 வரை பதிவாளராயிருந்தவர். மென்பொருட் பகுதியை எழுதிய அன்ரனி பிங்கல்ஸ்ரைன் அப்போது இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியின் பேராசிரியராயிருந்தவர். வோறிக் என்னும் பெயர் மீண்டும் இங்கு வருவதைத் தற்செயல் என்று விட்டுவிடுதல் இயலாது. 1970 ஆம் ஆண்டுக் கோப்புகளுக்கு ஷற்றொக்கைப் பொறுப்பாக்குவது எம் நோக்கமன்று. அவர் பதிவாளரானது அதன்பின் பதின்மூன்றாண்டு கழித்தேயாம். ஆனால் தொம்சன் கண்டித்த வர்த்தகப் பல்கலைக்கழகம், 1981 இல் அரசாங்கம் மானியங்களை வெட்டிய பின்னர், தானே பணமீட்டித் தன் செலவைத் தாங்கும் முன்மாதிரியாகப் போற்றப்படலாயிற்று. 1970 இற் குற்றச்சாட்டாயிருந்தது 2001 இல் தகைமையாயிற்று. இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் கப்சா அறிக்கையின் குரலை நாம் புரிந்துகொள்ள முடியாது.

இடைக்காலத்தில் இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கன. 1985 இல் வெளிவந்த ஜறற் அறிக்கை, பல்கலைக்கழகங்கள் தம்மைத் தொழில் நிறுவனங்களாகவும் உபவேந்தர் தம்மைப் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் கொள்ளவேண்டுமெனக் கூறிற்று. 1988 இல் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான நிருவாக மென்பொருள்களை ஆக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. முன்னையது பின்னையதின் கருத்துநிலை. பின்னையது முன்னையதின் கருவி. கப்சா இப்பரம்பரையில் வந்ததே.

புதிய முறைமையின் மையமாயிருந்தது கடப்பாட்டுக் கணக்கீடு ஆகும். இதனைச் சற்று விளக்குதல் அவசியம். சாதாரண பேரேட்டிலே பணம் செலுத்தப்பட்டபோதோ விலைப்பட்டியல் வந்தபோதோ செலவு பதியப்படும். கடப்பாட்டுக் கணக்கீட்டில், ஆய்வுகூடமொன்று கண்ணாடிக் குழாய்களுக்குக் கொள்வனவுக் கட்டளை அனுப்பிய கணத்திலேயே அத்தொகை துறையின் பாதீட்டிலிருந்து ஒதுக்கப்பட்டுவிடும். பொருள் வராதிருக்கலாம், விலை மாறலாம், கட்டளையே கைவிடப்படலாம். ஆயினும் ஏடு அதனை அறிந்திருக்கும். நடந்ததைப் பதியும் ஏடு இவ்வாறு நடக்கவிருப்பதைப் பதியும் ஏடாகின்றது. பொதுப்பணத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு இதில் நன்மை பல உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அது வேலை செய்யவேண்டுமாயின், ஒவ்வொரு துறையிலும் கட்டளை எழுதும் ஊழியர், எழுதும் அக்கணத்திலேயே சரியான குறியீட்டின்கீழ் அதனைப் பதியவேண்டும். முன்னர் அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து மாதமுடிவிற் சரிபார்த்துக்கொண்டிருப்பார்; பேராசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை எந்த மானியத்திற் சேர்ப்பது என்பதை அனுபவத்தாற் தீர்மானித்திருப்பார். இணைப்பு வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதானிருந்தது. அதனைச் செய்த இயந்திரம் லிகிதரின் நினைவும் தொலைபேசியும் பென்சிலுமாகும்.

அறிக்கை இதனை எவ்வாறு சொல்கின்றது? பிங்கல்ஸ்ரைனின் பகுதி நேர்மையானது. மென்பொருட் பொறியியலாளர் நன்கறிந்த தவறுகளே கேம்பிறிட்ஜிலும் நிகழ்ந்தன என்பது அதன் சாரம். ஷற்றொக்கின் பகுதி அதற்கப்பாற் சென்று, திட்டத்துக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவற்றிருந்த ஆட்சியமைப்பை நோயின் மூலமாகக் காண்கின்றது. துறைகளில் வேலைசெய்தோர் பட்ட இடர்களை அவர்கள் அறியாதிருந்தனர் என்று கூறுதல் அநியாயமாகும். எனினும் அவ்வூழியர் இவ்வகை எழுத்திலே எவ்விலக்கணத்தின்கீழ் வருகின்றனர் என்பதே எம் வினா. அவர்கள் ‘பயனர்’ என வருகின்றனர். றேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளியிட்ட தமது கலைச்சொல் ஆய்விலே ‘நுகர்வோர்’ என்ற சொல்லின் வரலாற்றை ஆராய்ந்துள்ளார். அவர் இன்றிருந்தால் ‘பயனர்’ என்னும் சொல்லுக்கும் ஒரு பதிவு எழுதியிருப்பார் எனத் தோன்றுகின்றது. ஒவ்வொரு பதிவையும் ஆக்குபவர், அதாவது முறைமையினுள் இருக்கும் தகவல் முழுவதையும் தம் உழைப்பால் உற்பத்தி செய்பவர், அம்முறைமையைப் ‘பயன்படுத்துபவர்’ என்று அழைக்கப்படுகின்றார். உற்பத்தியாளர் நுகர்வோராகத் தலைகீழாக்கப்படுகின்றார். இந்தச் சொல் வந்தபின் அவருக்குக் கொடுக்கக்கூடியது பயிற்சி. அவரிடமிருந்து பெறக்கூடியது முறைப்பாடு. அவரிடம் அறிவு இருக்கலாம் என்பதற்கு அச்சொல்லின் இலக்கணத்திலே இடமில்லை. பிங்கல்ஸ்ரைனைப் போன்ற பொறியியலாளர் முறைமையின் தேவைகளைச் சரியாகத் திரட்டவேண்டுமென்று சொல்லும்போது அவ்வறிவின் வாயிலை அணுகுகின்றனர். ஆனால் ‘தேவை’ என்ற சொல்லும் ஏற்கெனவே உள்ள ஒரு வேலைமுறையை, இன்னும் இல்லாத ஒரு பொருளின் குறையாகவே பெயரிடுகின்றது.

அறிக்கையின் மற்றொரு மௌனம் இதனினும் பெரிது. கேம்பிறிட்ஜிலே முப்பத்தொரு கல்லூரிகள் உள. ஒவ்வொன்றும் தனிச் சட்ட ஆளுமையும் தனிச் சொத்தும் தனிக் கணக்கும் உடையது. அவற்றுட் செல்வம் மிக்கது றினிற்றிக் கல்லூரி. ஒருங்கிணைந்த முறைமை என்று பேசப்பட்ட கப்சா பல்கலைக்கழகத்தின் துறைகளையும் நிலையங்களையும் பற்றியது. கல்லூரிகளின் நிலங்களும் முதலீடுகளும் அதன் புறத்தே நின்றன. சட்டநோக்கில் இது மிக இயல்பானது. எவரும் இதனைக் கேள்விக்குட்படுத்தவில்லை, படுத்தியிருக்கவும் முடியாது. கருத்துநிலை தொழிற்படுவது இவ்வாறுதான். ஆய்வுகூட உதவியாளர் பெட்டி கையுறைக்கு எழுதிய கட்டளை உடனுக்குடன் தெரியவேண்டிய தகவலாகின்றது. அதே வீதியின் மறுபுறத்திலே நூற்றாண்டுகளாகத் திரண்ட சொத்து எத்தொகுப்பிலும் அடங்கவேண்டியதில்லை. ஒருங்கிணைப்பின் எல்லை தொழினுட்பத்தின் எல்லையன்று. அது சொத்துடைமையின் மதிற்சுவரிற்றான் நின்றது.

அறிக்கையின்பின் நிகழ்ந்தவை சுவையானவை. கேம்பிறிட்ஜின் ஆளும் அவை ‘றீஜன்ற் ஹவுஸ்’ எனப்படும். பல்லாயிரம் உறுப்பினரைக் கொண்ட அவ்வவையின் வாக்கின்றிச் சட்டம் மாறாது. உபவேந்தரின் நிறைவேற்றதிகாரத்தைப் பலப்படுத்துதல், பேரவைக்கு வெளியாரை உறுப்பினராக்குதல் முதலிய முன்மொழிவுகள் 2002 இல் வைக்கப்பட்டன. வாக்கெடுப்பில் அவற்றுட் சில மட்டுமே நிறைவேறின. எதிர்த்தோர் கூறிய நியாயம் நாம் அறிந்ததே: பல்கலைக்கழகம் அறிஞரின் தன்னாட்சிச் சமூகம், அதனை வியாபாரமாக்கலாகாது. ஒக்ஸ்போட்டிலும் 2006 இல் இதே தன்மைத்தான பிணக்கெழுந்து, சீர்திருத்தம் அஞ்சல் வாக்கெடுப்பில் 1,540 இற்கு 997 என்ற கணக்கிலே தோற்கடிக்கப்பட்டது.

முற்போக்கு எழுத்தாளர் பலர் இத்தோல்விகளை வெற்றிகளாகக் கொண்டாடினர். முகாமைத்துவத்தின் படையெடுப்பை ஆசிரியர் முறியடித்தனர் என்பது அவர்தம் வாசிப்பு. அவ்வாசிப்பு அரைவாசியே உண்மை. ‘சமூகம்’ என்ற சொல் ஒருபோதும் பாதகமான பொருளிற் பயன்படுத்தப்படுவதில்லை என வில்லியம்ஸ் அவதானித்துள்ளார். எனவேதான் அதனை ஐயத்துடன் அணுகவேண்டும். றீஜன்ற் ஹவுசிலே கல்லூரி ஆய்வுறுப்பினரும் விரிவுரையாளரும் உயர் நிருவாகிகளும் வாக்குடையர். எழுதுவினைஞருக்கும் ஆய்வுகூட உதவியாளருக்கும் பராமரிப்பு ஊழியருக்கும் அங்கு வாக்கில்லை. கப்சாவினாற் தம் நாளாந்த வேலை நிலைகுலைந்தவர்களுட் பெரும்பாலார் அந்தச் சனநாயகத்தின் வெளியே நின்றவர்களே. நிறைவேற்றதிகாரியின் ஆட்சியா, அறிஞரின் ஆட்சியா என்று நடந்த விவாதத்தின் இரு தரப்பாரும் இவ்விடயத்தில் ஒருமித்தே மௌனித்தனர். எவ். எம். கோன்போட் 1908 இலே கேம்பிறிட்ஜ் அரசியலை எள்ளி எழுதிய சிறுநூல் இன்றும் விரும்பி வாசிக்கப்படுவது. எதனையுஞ் செய்யாதிருப்பதற்கு அறிஞர் கண்டுபிடிக்கும் நியாயங்களை அது நுணுக்கமாகப் பட்டியலிடுகின்றது. அச்சிரிப்பு அவைக்குள்ளிருப்போர் தம்மைத் தாமே நோக்கிச் சிரிப்பது. அவைக்கு வெளியே நிற்போர் அதிற் பங்குகொள்வதில்லை.

ஆகவே ஒருங்கிணைப்பை எதிர்ப்பதே முற்போக்கு என்ற நிலைப்பாட்டை யாம் ஏற்பதற்கில்லை. துறைத் தலைவர் தமது மானியங்களைச் சிற்றரசரின் திறைசேரிபோல் மறைத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகம் சுதந்திரமானதன்று. ஒரே மாணவர் அனுமதிப் பிரிவிலும் பரீட்சைப் பிரிவிலும் விடுதியிலும் நலன்புரி அலுவலகத்திலும் ஒரே விபரத்தை நான்கு முறை எழுதிக் கொடுத்து, ஒன்று தவறின் மகாபொல உதவிப்பணத்தை இழக்கும் நிலை காக்கத்தக்க பண்பாடுமன்று. வோறிக் மாணவர் செய்ததும் ஒருங்கிணைப்பே என்பதை முன்னர்க் கண்டோம். தகவல் ஒன்றுசேரும்போது யார் அதனை முழுமையாகக் காண்பர், யாருடைய சொற்களில் அது வகைப்படுத்தப்படும், வகைப்படுத்துதலில் யாருக்கு வாக்குண்டு என்பனவே தீர்க்கவேண்டிய பிரச்சினைகள். வோறிக்கிலும் கேம்பிறிட்ஜிலும் மாறிமாறி நின்ற விடைகள் மேலிருப்போரது இருட்டும் மேலிருப்போரது வெளிச்சமுமேயாம்.

இவ்விடயம் எமக்குத் தொலைவிலுள்ளதன்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிறிட்ஜிற் பயின்றவர். இங்கிருந்து சென்று 1954 இல் அங்கு றினிற்றி ஹோல் கல்லூரியின் தலைவராகிப் பின் 1961 முதல் 1963 வரை கேம்பிறிட்ஜின் உபவேந்தராகவும் இருந்தவர். பேராதனையில் அவர் கட்டியெழுப்பிய வதிவிடப் பல்கலைக்கழகமும் அதன் தன்னாட்சிக் கோட்பாடும் அம்மரபின் கிளையே. அத்தன்னாட்சி 1966 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தாற் குறுக்கப்பட்டது. 1972 இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களை அமைத்து மானியங்கள் ஆணைக்குழுவை அவற்றின்மேல் நிறுவிற்று. ஒருங்கிணைப்பும் பிரிப்பும் எமக்கு முதலிற் சட்டங்களாகவே வந்தன. கணினியாக வந்தது பின்னர்.

எமது சூழலில் வகைப்பாட்டுப் பிரச்சினை எத்துணைக் கூர்மையானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மேலைநாடுகளில் ஆக்கப்பட்ட நிருவாக மென்பொருள்கள் பலவற்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் உள. இரண்டாவதை வெறுமையாக விட முடியாது. தமிழர் பெயரிடல் மரபிற் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும், பெரும்பாலும் தலைப்பெழுத்தாகச் சுருங்கும். அதனால் ஒரு படிவத்தில் மாணவியின் பெயர் குடும்பப்பெயராகின்றது. மற்றொன்றில் அவளுடைய தந்தையின் பெயர் குடும்பப்பெயராகின்றது. இதன்மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. சிவலிங்கம், ஞானசேகரம் போன்ற பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், பரீட்சைத் திணைக்களப் பெறுபேற்றில் இன்னொருவிதமாகவும் எழுதப்பட்டிருத்தல் சாதாரணம். இரு பதிவேடுகள் இயந்திரத்தால் இணைக்கப்படும்போது ஒரே மாணவி இருவராகின்றாள். சில வேளைகளில் இரு மாணவியர் ஒருவராகின்றனர். அச்சந்தர்ப்பத்தில் இருவரும் ஒருவரே எனச் சொல்லத்தக்கவர் பரீட்சைப் பிரிவிலே இருபதாண்டு வேலைசெய்த லிகிதரே. எந்த ஊரில் எந்தப் பாதிரியார் எவ்வாறு எழுத்துக்கூட்டினார், மலையகத் தோட்டத் துரைமாரின் பதிவேடுகளிற் பெயர்கள் எவ்வாறு சிதைந்தன, இடப்பெயர்வின்போது தொலைந்த சான்றிதழுக்கு மாற்றாக எது ஏற்கப்பட்டது என்பன அவர் அறிவார். இது சமூக வரலாற்றறிவு. அவருடைய பதவிநிலை விபரணத்தில் இதற்கு ஒரு வரியும் இராது.

எம் துறையினர் இதிற் செய்யக்கூடிய வேலையொன்றுண்டு. துறைகளிலும் பரீட்சைப் பிரிவுகளிலும் எழுதுவினைஞர் தம் தேவைக்கெனப் பேணிய குறிப்பேடுகள், பெயர்த் திருத்தப் பட்டியல்கள், பதிவேட்டு ஓரங்களில் எழுதிய குறிப்புகள் ஆகியவை ஆவணங்களாகக் கருதப்படுவதில்லை. புதிய முறைமை நிறுவப்படும்போது பழைய கடதாசிகளோடு அவையும் அகற்றப்படுகின்றன. அவற்றைத் திரட்டி, எழுதியவர்களோடு அமர்ந்து வாசித்து, அவர்கள் பயன்படுத்திய வகைப்பாடுகளைப் பதிவு செய்தல் மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் திறனாய்வாளரும் சேர்ந்து செய்யத்தக்கது. முறைமையின் விபரக்கூற்று எழுதப்படும் கூட்டத்தில் அவர்களை உறுப்பினராக்கும் கோரிக்கைக்கும் அது சான்றாகும். வோறிக் பல்கலைக்கழகம் தன் கோப்புகள் வெளிப்பட்ட மூன்றாண்டின்பின், 1973 இல், நவீன ஆவண நிலையமொன்றைத் தொடங்கிற்று. பிரித்தானியத் தொழிற்சங்கங்களின் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் இன்று அங்கேதான் பேணப்படுகின்றன.